விசாகத்தின் நான்காவது சீலம்

1956ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. மொரீஷியஸ் தீவின் போர்ட் லூயி துறைமுகத்திலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்த ஐயாசாமி, கை கழுவிக்கொண்டே மனைவியிடம் ஒரு சேதி சொன்னார்.

"கொழும்புக் கப்பல் ஒண்ணு வந்து நிக்குது. தேயிலைப் பெட்டி இறக்கலாம்னு சலானை ஓட்டிக்கிட்டுப் போனா, மாலுமியில பாதிப் பேரு வேலைக்கே வரல. எல்லாம் வெள்ளைத் துணி கட்டிக்கிட்டு நிக்கிறான். கப்பல் பூரா காகித விளக்கு. கி ஃபெத் சா? எந்தத் திருவிழான்னே தெரியல."

சலான் என்பது கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கு ஏற்றிச் செல்லும் தட்டைப் படகு. ஐயாசாமி இருபது வருஷமாக அதில்தான் வேலை பார்த்தார்.

விசாகம் அகப்பையைச் சட்டியிலேயே விட்டுவிட்டு விரல் மடக்கி எண்ணினாள். வைகாசி. பௌர்ணமி.

"அது வைசாகம்," என்றாள். "புத்தர் பொறந்த நாளு. அதான் என் பேரு."

ஐயாசாமி அவளை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் அந்தப் பெயருக்கு அப்படி ஓர் அர்த்தம் இருப்பதை அவர் மறந்தே போயிருந்தார். போர்ட் லூயியில் அவர்கள் குடியிருந்த டிராங்கெபார் பேட்டையில் எல்லோரும் அது முருகனின் நட்சத்திரம் என்றுதான் நினைத்திருந்தார்கள். அவளும் யாரையும் திருத்தியதில்லை.

விசாகம் பிறந்தது கோலார் தங்கவயலை அடுத்த மாரிக்குப்பத்தில். அப்பா சாக்கியநாதன் சுரங்கத்துக்குள் இறங்கி, பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிறவர். வாரத்தில் ஆறு நாள் பூமிக்கு அடியில்; ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் வெள்ளை வேட்டி கட்டி, பௌத்த சங்கத்துக் கூடத்தில் முதல் வரிசையில் உட்கார்வார். சுண்ணாம்பு அடித்த சின்னக் கூடம் அது. நூறு பேர் ஒரே குரலாகப் புத்தம், தம்மம், சங்கம் என்ற மூன்று சரணமும், கொல்லாமை முதலான ஐந்து சீலமும் ஓதும்போது ஓட்டுக்கூரை அதிரும். அந்த நூறு குரலில் தன் குரல் எது என்று தெரியாமல் போவது சின்ன வயதில் விசாகத்துக்கு அவ்வளவு பிடிக்கும். "நம்மை வாசலிலேயே நிறுத்தி வைக்கிற கோயிலுக்கு நாம ஏம்மா போகணும்? நமக்குன்னு ஒரு வழி முன்னாலயே இருந்துச்சு. அதுக்குத்தான் திரும்பிப் போறோம்" என்பார் அப்பா.

அந்தக் கூடத்தில்தான் 1933இல் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மொரீஷியஸில் பிறந்த ஐயாசாமி கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலையில் சென்னை வந்து, அப்பாவழிச் சொந்தத்தைத் தேடிக்கொண்டு தங்கவயல் வரை போனவர். நல்ல மனுஷன், சிரித்த முகம். ஓதச் சொன்னதையெல்லாம் அர்த்தம் தெரியாமலே சந்தோஷமாக ஓதினார்.

தீவுக்கு வந்த மாதமே ஐயாசாமியின் குடும்பம் அவளைச் சாந்த் குருவாவில் இருக்கும் கைலாசன் கோவிலுக்கு அழைத்துப் போனது. வாசலில் அவள் கால் தானாக நின்றுவிட்டது. அவருடைய தங்கை பூங்காவனம்தான், "வா அண்ணி, ஏன் நிக்கிறே?" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். நீ யார், எந்தத் தெரு, எந்த ஆள் என்று எவரும் கேட்கவில்லை. குருக்கள் அவள் கையிலேயே திருநீறு வைத்தார். விசாகம் அங்கேயே அழுதுவிட்டாள். அவளுடைய அப்பா வாழ்நாள் முழுக்கத் தள்ளி நின்ற கதவு, இங்கே கையால் தொட்டதும் திறந்துகொண்டது. அதற்குப் பிறகு பழைய வழி எதற்கு என்று தோன்றிவிட்டது. ஞாயிறு மாலைகள் ஒவ்வொன்றாகக் கைநழுவின. அப்பா இறந்த கடிதம் வந்த அன்றுகூட அவள் சரணம் ஓதவில்லை. கோவிலில் ஒரு விளக்குப் போட்டதோடு சரி.

ஒரே பெண் பிறந்தாள். தனலட்சுமி. வீட்டுக்கு அவள் தனம். கணவனை இழந்து இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த பூங்காவனத்துக்குப் பிள்ளை இல்லை. தனம் பாதி நாள் அவள் மடியில்தான் கிடப்பாள். தலை பின்னுவது அத்தை. காவடிக்கு மஞ்சள் பாவாடை தைத்துப் போடுவதும் அத்தை.

1945இல் தொடர்ந்து புயல் அடித்து ஓய்ந்ததும் தீவு முழுக்க இளம்பிள்ளை வாதம் பரவியது. பிள்ளையை எங்கேயும் அனுப்பக்கூடாது என்று ஐயாசாமி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் பூங்காவனம் தனத்தைக் கூட்டிக்கொண்டு, தெற்கே செமின் கிரனியேவில் நடந்த ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாள். திரும்பி வந்த மூன்றாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் கால் போனது, அப்புறம் மூச்சு. ஒன்பது வயது.

பூங்காவனம் கேட்காமலே பிள்ளையைக் கூட்டிப்போய்விட்டாள் என்பதுதான் டிராங்கெபாரில் எல்லோரும் அறிந்த கதை. தங்கையைப் பிள்ளையின் சாவு எடுப்புக்குக்கூட வரவிடாமல் ஐயாசாமி வாசலில் நின்று தடுத்தார். அன்றிலிருந்து அண்ணனும் தங்கையும் பேசவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வாளி மாற்றிக்கொள்வார்கள். பதினோரு வருஷம் அப்படியே போயிற்று. அதன்பின் விசாகம் கோவிலுக்குப் போனாலும் கும்பிடக் கை எழவில்லை. துறைமுகக் கொட்டகையில் கிழிந்த கோணிகளைத் தைக்கும் வேலையில் சேர்ந்து, பொழுது விடிந்தால் ஊசி, பொழுது சாய்ந்தால் அடுப்பு என்று இருந்தாள்.

அந்த வியாழக்கிழமை அவள் கணவனிடம் கேட்டாள்: "என்னை அந்தக் கப்பலண்டை கூட்டிட்டுப் போறீங்களா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் தனக்கென்று எதுவும் கேட்டதில்லை. ஐயாசாமி சோற்றைப் பாதியில் விட்டு எழுந்துபோய் ஒரு துடுப்புப் படகைக் கேட்டு வாங்கிவந்தார்.

படகு கிடைத்துக் கிளம்பியபோது பொழுது சாயும் நேரம். தண்ணீரிலிருந்து அண்ணாந்து பார்த்தால் கப்பல் சுவர்போல் உயர்ந்து நின்றது. மேலே வெள்ளை, மஞ்சள், சிவப்பு விளக்குகள். இந்த வருஷம் புத்தர் மறைந்து இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு நிறைவு, இலங்கையே விழாக்கோலம் என்று மேலிருந்து ஒரு மாலுமி இறங்கிவந்து சொன்னான். பெயர் பியசேன. கப்பல் சமையல்காரன். கொழும்புத் தெருவில் பழகிய தமிழ் அவனுக்கு நன்றாக வந்தது.

"அக்கா, நீங்க பௌத்தரா? தமிழ்ல பௌத்தரா?" அவனால் நம்ப முடியவில்லை.

"எங்க அப்பா," என்றாள் விசாகம். "நான்... இருந்தேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும் தம்பி. யாராவது கூட உட்கார்ந்து சீலம் ஓதணும். தனியா என் வாயில வரமாட்டேங்குது."

பியசேன செருப்பைக் கழற்றிவிட்டுப் படகிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஐயாசாமி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு மறுபக்கம் பார்த்தபடி இருந்தார். பியசேன ஒரு வரி சொல்ல, விசாகம் திருப்பிச் சொன்னாள். மூன்று சரணமும் வந்துவிட்டன. நாக்கு எதையும் மறக்கவில்லை. கொல்லாமை. திருடாமை. தகாத ஆசையில் நடவாமை. பொய் பேசாமை.

நான்காவதில் அவள் குரல் நின்றுவிட்டது.

மறந்துவிட்டாள் என்று நினைத்துப் பியசேன அந்தப் பாலி வரியை மறுபடியும் மெதுவாக எடுத்துக் கொடுத்தான். "முசாவாதா..."

விசாகத்துக்கு வார்த்தை மறக்கவில்லை. ஞாபகம் வந்ததுதான் கஷ்டமாகிவிட்டது. ஏனென்றால் தனத்தைச் செமின் கிரனியேவுக்கு அனுப்பியது அவள்தான். வெள்ளிக்கிழமை காலை பூங்காவனம் வந்து, "அண்ணி, அண்ணன் வேண்டாம்னாரே, பிள்ளையைக் கூட்டிப்போகட்டுமா?" என்று கேட்டாள். புதுப் பாவாடையைப் போட்டுக்கொண்டு தனம் குதித்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு நாள்தானே, நான் சொல்லிக்கிறேன், போயிட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தாள் விசாகம். அப்புறம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஐயாசாமி அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "யார் அனுப்பினது? யார்?" என்று கேட்டபோது, அந்தக் கண்களைப் பார்த்த பயத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது: "பூங்காவனம் கேக்காமலே கூட்டிட்டுப் போயிட்டா." பூங்காவனம் மூன்றடி தள்ளி நின்றிருந்தாள். வாய் திறக்கவில்லை.

படகு லேசாக ஆடியது. விசாகம் நான்காவதை எப்படியோ சொல்லி முடித்தாள். சொல்லும்போதே அதுவும் பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. ஐந்தாவதான மது அருந்தாமையையும் சொன்னாள்.

கப்பல் ஏணியில் காலை வைத்த பியசேன திரும்பி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, நான் சமையல்காரன். தினம் மீன் வெட்டுறேன். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் சீலம் எடுக்கிறேன், அடுத்த நாளே உடைக்கிறேன், மறுபடி எடுக்கிறேன். உடைஞ்சிடுச்சேன்னு எடுக்காம இருந்துடாதீங்க. ஓதி முடிச்சதும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து எல்லாரும் நல்லா இருக்கணும்னு நினையுங்க. முதல்ல உங்களை நினையுங்க. அப்புறம் உங்களுக்குப் பிரியமானவங்க. அப்புறம் மத்தவங்க."

மறுநாள் விடியற்காலையில் கப்பல் போய்விட்டது. பியசேனவை அவள் பிறகு எப்போதும் பார்க்கவில்லை.

அடுத்த பௌர்ணமியிலிருந்து விசாகம் தொடங்கினாள். சீனன் கடையில் கொடுத்த நாட்காட்டியில் நிலவின் படம் போட்டிருக்கும். அதைப் பார்த்து நாள் குறித்துக்கொள்வாள். அன்று வெள்ளைப் புடவை. மீன் கிடையாது. ஒரு தம்ளர் தண்ணீரில் பூ மிதக்கவிட்டு, பின்கட்டில் மாமரத்தைப் பார்த்து உட்கார்வாள். ஒரு தடவை சீனர்களின் பகோடாக் கோயிலுக்கும் போய்ப் பார்த்தாள். அங்கிருந்த கிழவி அன்பாக ஊதுவத்தி கொடுத்தாள். ஆனால் ஓதுகிற பாஷை புரியவில்லை, சேர்ந்துகொள்ள முடியவில்லை. வெளியே வந்து ஊதுவத்தி வாசனையோடு தெருவில் நின்றபோது மாரிக்குப்பத்துக் கூடத்தின்மேல் அவளுக்கு ஏக்கம் பொங்கிக்கொண்டு வந்தது. நூறு குரல்! ஒரு பத்துக் குரல் கிடைத்தால்கூடப் போதும்.

ஓதும்போது நான்காவதை விட்டுவிட்டாள். மூன்றுக்குப் பிறகு ஐந்து. பொய்யைச் சொல்லிக்கொண்டே பொய் சொல்லமாட்டேன் என்பதைவிட அது மேல் என்று தோன்றியது. பிறகு சும்மா உட்கார்வாள். தன்னை நினைத்து நல்லா இருக்கணும் என்று சொல்லவே மூன்று மாதம் பிடித்தது. அப்புறம் தனம். முதலில் ஆஸ்பத்திரித் தனம்தான் வருவாள். மூச்சுக்குத் திணறும் முகம். விடாமல் உட்கார்ந்து உட்கார்ந்து, ஒரு பௌர்ணமியில் வேறு தனம் வந்தாள்: பல் விழுந்த வாயோடு, எண்ணெய் வழியும் பின்னலோடு, கரும்பைக் கடித்துத் துப்பிக்கொண்டு. பதினோரு வருஷமாகப் பயத்தில் தொடாமல் வைத்திருந்த பிள்ளை. விசாகம் அவளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அந்தப் பின்னல் பூங்காவனத்தின் கைப்பின்னல். அதையும் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

1957 பிப்ரவரி. ஞாயிற்றுக்கிழமை. ஐயாசாமி பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். விசாகம் எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"தனத்தை நான்தான் அனுப்பினேன்," என்றாள். "பூங்காவனம் கேட்டா. நீங்க வேண்டாம்னு சொன்னதையும் சொல்லித்தான் கேட்டா. நான்தான் போகச் சொன்னேன்."

கத்தி நின்றது.

"அப்ப, ஆஸ்பத்திரியில..."

"பொய் சொன்னேன்."

ஐயாசாமி கத்தியை மீன்மேலேயே வைத்தார். "மோ செர்," என்றார் முதலில், தனக்குத்தானே பேசுவதுபோல. பிறகு தமிழில், "என் தங்கச்சி. பன்னெண்டு வருஷம் அவ மூஞ்சியை நான் பாக்கல, விசாகம். பிள்ளையைக் கடைசியா ஒரு தடவை பாக்கணும்னு வாசல்ல நின்னு கதறினா. நான் தள்ளிவிட்டேன்."

"தெரியும். நான் உள்ள இருந்து பாத்துக்கிட்டிருந்தேன்."

அவர் கையைக்கூடக் கழுவவில்லை. எழுந்து இரண்டு வீடு தள்ளிப் போனார்.  அங்கிருந்து ஓர் ஆண் அழுகிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் பூங்காவனமே வந்தாள். வீட்டுக்குள் நுழையவில்லை. வாசற்படிக்குக் கீழே நின்றாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் அண்ணி, நீ பயந்துதான் சொன்னேன்னு," என்றாள்.

"ஏன் நீ ஒண்ணும் சொல்லல?"

"பிள்ளையைப் பறிகொடுத்தவ. உன்னைப் பொய்க்காரின்னு நான் எந்த வாயால சொல்ல?" "ஆனா எனக்குக் கோவம் இல்லன்னு நினைக்காதே. இருக்கு. எனக்கும் அவ பிள்ளைதான். என்னை அழ விடல நீங்க. சாவு வீட்டுல அழுதாத்தான் அழுகை. அப்புறம் எங்க போய் அழ?"

 மன்னித்துவிடு என்று கேட்க விசாகத்துக்குத் தோன்றவில்லை. கேட்டால் அதுவும் தனக்காகக் கேட்பதுதானே. பூங்காவனம் திரும்பித் தன் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த பௌர்ணமியில் விசாகம் ஐந்து சீலத்தையும் ஓதினாள். நான்காவதை முழுசாகச் சொன்னாள். ஆனால் அதனால் வீடு சந்தோஷமாகிவிடவில்லை. ஐயாசாமி தங்கையோடு சேர்ந்துகொண்டார்; மனைவியிடம் மட்டும் மரியாதையானவராக மாறிவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். "சாப்பாடு நல்லாருக்கு", "வேலைக்குப் போயிட்டு வரேன்" என்று அந்நியரிடம் பேசுவதுபோல் அவர் பேசுவதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரே பாயில் படுத்திருந்தும் அவர் குரலுக்கு ஏங்கினாள். அந்த ஏக்கத்தோடுதான் மாதாமாதம் உட்கார்ந்தாள்.

காலையில் தெருக்குழாயில் தன் வாளியோடு இன்னொரு வாளியும் பிடித்து, பூங்காவனத்தின் கதவருகே வைத்துவிட்டு வருவாள். முதல் வாரம் அது அப்படியே கிடந்தது. இரண்டாவது வாரம் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள் பூங்காவனம். ஒருநாள் கை சுளுக்கிக்கொண்டதால் வேறு வழியில்லாமல் உள்ளே எடுத்துப் போனாள். அதன்பின் காலி வாளி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

1960இல் பெரிய புயல் வந்து தெருவில் மூன்று வீட்டுக்கு ஒரு கூரைகூட மிஞ்சவில்லை. பிடுங்கிக்கொண்டு போன தகரங்களைப் பொறுக்கி, பூங்காவனமும் சேர்ந்து மூவருமாக ஒரே வீடாகக் கட்டிக்கொண்டார்கள். ஐயாசாமிக்கு அப்போதே நெஞ்சில் சளி கட்டியிருந்தது. அடுத்த வருஷக் குளிரில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கடைசி வாரத்தில் ஒரு பௌர்ணமி வந்தது. விசாகம் வழக்கம்போல் பின்கட்டுக்குப் போகப் புறப்பட்டபோது, "இங்கயே உட்காரு," என்றார். "கொழும்புக்காரன் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லு. கேக்கணும்." அவள் ஓத ஓத, தங்கவயல் கூடத்தில் சொன்னதுபோலவே, அர்த்தம் தெரியாமலே அவரும் உதட்டை அசைத்தார்.

1962இல் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஓர் இளைஞன் வீட்டுக்கு வந்தான். இரண்டு விதவைகள், ஒரு வீடு. மொழி, வயது, பிறந்த இடம் எல்லாம் எழுதிவிட்டு மதம் கேட்டான்.

"பூதிஸ்த்," என்று, பௌத்தம் என்பதைக் கிரியோலில் சொன்னாள் விசாகம்.

அவன் சிரித்தான். "மதாம், சா சினுவா சா. அது சீனங்க மதம். நீங்க தமிழ். நான் இந்துன்னு போட்டுக்கிறேன்."

விசாகம் வாயைத் திறப்பதற்குள், அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த பூங்காவனம் முறத்தைக் கீழே வைத்தாள். "அவ என்ன சொன்னாளோ அதை எழுது தம்பி. என் அண்ணி பொய் சொல்லமாட்டா."

அவன் எழுதிக்கொண்டு போனான். பூங்காவனம் மறுபடியும் முறத்தை எடுத்தாள், கல் பொறுக்கினாள். விசாகம் அடுக்களைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று அவள் சமைக்க வெகுநேரமாயிற்று.

நாடு சுதந்திரமடைந்த 1968இல், கோணிக் கொட்டகையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து இருபது வருஷம் ஊசி பிடித்த ஜோசெட் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டாள். அந்த வருஷம் பல கிரியோல் குடும்பங்கள் அப்படிக் கப்பலேறின. வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போன விசாகத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஜோசெட் கேட்டாள்: "நீயும் உன் ஊருக்குப் போயேன், விசாகம். அந்தக் கூடத்தைப் பத்தி இத்தனை வருஷமா என்கிட்ட சொல்லிக்கிட்டே இருக்கியே. போகணும்னு ஆசை இல்லையா?"

"ரொம்ப இருக்கு," என்றாள் விசாகம். "தினமும் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"பூங்காவனத்துக்குக் கண்ணு மங்கிக்கிட்டு வருது. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும், திங்கக்கிழமை."

ஜோசெட் அவளைக் கட்டிக்கொண்டு இரு கன்னத்திலும் முத்தமிட்டுவிட்டுப் படியேறினாள். கப்பல் துறைமுக வாய்க்காலைத் தாண்டித் திறந்த கடலுக்குப் போகும்வரை விசாகம் அங்கேயே நின்றாள். அது வடகிழக்கே திரும்பியபோது அந்தப் பக்கம்தான் கொழும்பு, அதற்கும் மேலே சென்னை, அங்கிருந்து ரயில் என்று மனசு ஒவ்வோர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தது. அவள் அதைத் தடுக்கவில்லை. போகிற வரைக்கும் போகட்டும் என்று விட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கண் மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.